தாளைப் பிடித்தவள்

எங்கள் வீட்டில் 'தாளு' என்றால் பொறு என்று பொருள். அதை ஒருமுறை சொல்லி நிறுத்துவதில்லை. 'தாளு, தாளு' என்று இரட்டையாகத்தான் சொல்வோம். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த அப்பாவின் தமிழுக்குள் கன்னடம் எந்த வாசல் வழியாக நுழைந்தது, எங்கெங்கே உட்கார்ந்துகொண்டது என்பது அவருக்கே தெரியாது. 'பேகா வா', சீக்கிரம் வா, என்று என்னை விரட்டுவார். அதற்கு அஞ்சி ஓடினால் 'தாளு, தாளு, விழுந்துடுவே' என்பார். அதற்குள் விழுந்துவிட்டால் 'எம்மெ' என்பார். எம்மெ என்றால் எருமை. ஒரு நாளைக்கு ஏழெட்டு முறையாவது நான் எருமையாவேன். பதினொரு வயது வரை இவையெல்லாம் தமிழ் என்றே நம்பியிருந்தேன். 'தாளு' தமிழ் இல்லை என்று தெரிந்துகொண்ட அதே கோடையில், அதை வைத்து ஒருத்தியைக் கவிழ்க்கவும் முடியும் என்று தெரிந்துகொண்டேன்.

அவள் என் அத்தை மகள்; அத்தை சிறு வயது முதல் பாளையங்கோட்டையில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர். பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பி, கோயம்புத்தூரில் பேருந்து மாறி, சாமராஜநகர் வழியாக அத்தையுடன் வந்து இறங்கினாள். மற்ற பெட்டிகள் பேருந்தின் வயிற்றுக்குள் கிடந்தன. ஒரே ஒரு பெட்டி மட்டும், பழைய போர்வையில் சுற்றிக் கயிறு கட்டிய அகலமான ஒன்று, வழி முழுவதும் அவள் மடியிலேயே வந்திருந்தது. அதை வாங்கிக்கொள்ள அப்பா கை நீட்டியபோது அவள் தரவில்லை. "நான் வச்சிக்கிடுதேன் மாமா" என்றாள். ஆட்டோவிலும் அது அவள் மடியில்தான் இருந்தது. இடமில்லாமல் நான் டிரைவருக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு வந்தேன். பொறாமைக்கு ஒரு பிறந்த நாள் உண்டு என்றால், என்னுடையதன் பிறந்த நாள் அதுதான்.

பெட்டிக்குள் இருந்தது அவளுடைய அப்பாவின் ரெக்கார்ட் பிளேயர். மாமா தமிழாசிரியர். முந்தைய கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னால், பள்ளியில் தேர்வு நடந்துகொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. செவிலியான அத்தைக்குக் குவைத்தில் வேலை கிடைத்திருந்தது. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, இரண்டு நாள் எங்களோடு இருந்து, மூன்றாம் நாள் விமானம் ஏறினார். மகள் எங்கே படிப்பது என்பது மட்டும் முடிவாகவில்லை. எங்கள் வீட்டில் தங்கி என் பள்ளியிலேயே சேரலாம். அல்லது அவள் ஏற்கெனவே படித்த பாளையங்கோட்டைப் பள்ளியின் விடுதிக்குப் போகலாம். "புள்ளைக்கு எங்க மனசு ஒட்டுதோ அங்க இருக்கட்டும். மே மாசம் முடியட்டும், அவளே சொல்லுவா" என்று அத்தை அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் மனதை ஒட்டவைத்துவிட வேண்டும் என்று அப்பா தீர்மானித்தார். ஒட்டவிடக் கூடாது என்று நான் தீர்மானித்தேன். இருவருமே அதை வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை.

அவள் என்னைவிட எட்டு மாதம் மூத்தவள் என்பதால் நான் அவளை மைனி, அதாவது மதினி, என்று அழைக்க வேண்டும் என்று அத்தை சொல்லியிருந்தார். நான் அவளை எதுவும் சொல்லி அழைக்காமலேயே அந்தக் கோடையைக் கடத்தினேன். "இந்தா", "அங்க பாரு" என்பவையே போதுமானதாக இருந்தன. அவளோ ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் எனக்கென்று ஒரு 'ட்டி' சேர்த்துப் பேசினாள். அது அவர்கள் ஊரில் அன்பு என்று அம்மா விளக்கினார். எனக்கு அது அதட்டலாகவே கேட்டது.

அவள் தமிழில் எனக்குப் புரியாத சொற்கள் பல இருந்தன. முதல் ஞாயிறு ஆலயத்திலிருந்து திரும்பும் வழியில் அவள், "எங்க அப்பா விடிஞ்சதும் என்னைய ஏசுவாங்க. ஏசாம அவங்களுக்கு ஒரு நாளும் விடியாது" என்றாள். மாமா அவ்வளவு பக்திமானா என்று நான் வியந்துபோனேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், மாமா தினமும் காலையில் எழுந்து ஏசுவின் பெயரைச் சொல்வாராம் என்றேன். தொடக்கப்பள்ளி ஆசிரியையான அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுச் சிரித்தார். ஏசுவது என்றால் திட்டுவதாம். "தலை சீவலன்னா ஏசுவாங்க, எழுத்து கோணுனா ஏசுவாங்க" என்று அவள் தன் அப்பாவின் குரலிலேயே சில வசவுகளை நடித்துக் காட்டினாள். இறந்துபோன ஒருவரின் வசவுகளை இப்படி ஆசையாக எண்ணிப் பார்க்கிறாளே என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

யோசிக்க வேறு விஷயங்கள் இருந்தன. சன்னலோரக் கட்டில் அவளுக்குப் போனது. குழம்பில் மீனின் நடுத்துண்டு அவள் தட்டில் விழுந்தது. நஞ்சன்கூட்டுக்குப் போன அப்பா அங்கிருந்து வாங்கிவந்த வாழைப்பழச் சீப்பு முதலில் அவள் முன்னே நீண்டது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாமல் போனது இரண்டு விஷயங்களை. ஒன்று, அப்பா அவளை எதற்கும் திட்டுவதில்லை. அவள் கண்ணாடித் தம்ளரை உடைத்தாள். "பரவால்லம்மா, கால்ல குத்திடாம பாத்து" என்றார். அதே வாரத்தில் நான் ஒரு கரண்டியைக் கீழே போட்டேன், கரண்டி உடையக்கூடிய பொருளும் அல்ல, எம்மெ ஆனேன். மற்றொன்று, அவர் தன் சொல்லையே அவளுக்காக மாற்றிக்கொண்டார்.

தமிழாசிரியரின் வீட்டில் வளர்ந்தவள் பேப்பர் என்று சொல்ல மாட்டாள். வினாத்தாளும் விடைத்தாளும் மலையாகக் குவிந்து கிடந்த வீடு அது. அவளுக்கு எல்லாமே தாள்தான். பேச்சில் அது 'தாளு' என்று வரும். "மாமா, அந்தத் தாளுல எழுதட்டா?" என்பாள். ஒரு வாரத்திற்குள் அப்பாவும், பிறந்தது முதல் பேப்பர் என்று சொல்லிவந்தவர், "தாள் எங்க இருக்கும்மா?" என்று கேட்கத் தொடங்கினார். என்னிடம் பேசும்போது மட்டும் பேப்பர் பேப்பராகவே இருந்தது.

அப்போதுதான் ஒரு காலையில் அது நடந்தது. சமையலறையில் அவள் கொதிக்கும் பால் பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கப் போனாள். அம்மா பதறி, "தாளு, தாளு!" என்றார். அவள் உடனே கையை எடுத்துவிட்டு ஓடிப்போய், முன்னறையிலிருந்து பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்துவந்து நீட்டினாள். அம்மா குழம்பினாலும் வாங்கி, அதைக் கொண்டே அடுப்பு மேடையைத் துடைத்தார். இருவருக்கும் நடந்தது என்னவென்று தெரியவில்லை. வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மட்டும் தெரிந்தது. அவளிடம் ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு கூழாங்கல்லைப் பாவாடைப் பையில் போட்டுக்கொள்வதுபோல அதை வைத்துக்கொண்டேன்.

ரெக்கார்ட் பிளேயருக்கு வருகிறேன். அது பாட வேண்டும் என்பதைத் தவிர அந்த வீட்டில் அவள் வேறெதையும் கேட்டதில்லை. மாமாவின் பதினொரு இசைத்தட்டுகளில் ஒன்று வயலின் தட்டு. அதன் இரண்டாம் பக்கத்தில், பாதி வழியில், ஒரு கீறல் இருந்ததாம். முள் அங்கே வந்ததும் நின்று அதே துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசிக்குமாம். மாமா எழுந்து வந்து, விரலால் லேசாகத் தட்டி, "பாத்து நடந்து வா மக்கா" என்று முள்ளிடம் சொல்வாராம். அந்த இடத்தைக் கேட்க வேண்டும் என்றாள். பாட்டைக்கூட அல்ல, அந்த இடத்தை.

ஆனால் வீடு மாற்றிய அவசரத்தில் முள்ளிருந்த முனை நசுங்கிப்போயிருந்தது. கட்டைவிரல் நுனியளவு கறுப்புப் பொட்டலம் ஒன்று, கார்ட்ரிட்ஜ் என்பார்கள், அதன் அடியில்தான் முள் இருக்கும். அது, தட்டின்மேல் நீளும் கைக்கம்பியின் முனையில் மாட்டியிருக்கும்; அந்தக் கம்பிக்குக் கை என்றே பெயர். பெங்களூரில் இருந்த நண்பர் மூலம் அப்பா புதியதொன்றை வரவழைத்தார். வந்த பிறகுதான், அதை மாட்டுவது பல்ப் மாட்டுவதுபோல அல்ல என்று தெரிந்தது. அப்பா ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் கருவிகளைப் பராமரிப்பவர். நுட்பமான தராசுகளோடு பழகியவர். ஆனாலும் இப்படியொரு கையை அதுவரை அமைத்ததில்லை. பிரவுசிங் சென்டருக்குப் போய் இரண்டு மணி நேரம் படித்துவிட்டு, ஒரு படத்தை அச்சிட்டுக்கொண்டு வந்தார். நடுவில் ஒரு துளை. துளையிலிருந்து வெவ்வேறு தூரத்தில் இரண்டு புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் மயிரிழைக் கட்டங்கள். அந்தத் தாளைச் சுழல்தட்டின் நடு அச்சில் கோத்துப் பரப்பி, முள்ளை ஒவ்வொரு புள்ளியிலும் இறக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு இடங்களிலும் கார்ட்ரிட்ஜ் கட்டத்தின் கோடுகளுக்கு இணையாக நிற்க வேண்டும். கோணலாக நின்றால் முள் தட்டைத் தின்றுவிடும் என்றார் அப்பா.

ஒருவர் திருகாணியைத் திருப்ப, தாள் நகராமல் இன்னொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த வேலை என்னுடையது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஃப்யூஸ் போடும்போதும் மிக்ஸியைப் பிரிக்கும்போதும் அப்பாவின் அருகில் டார்ச்சோடு நின்றவள் நான். ஆனால் அன்று அப்பா இரண்டு தம்ளர்களில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, எங்கள் இருவரிடமும் ஒவ்வொன்றைக் கொடுத்து, கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடக்கச் சொன்னார். ஆய்வுக்கூட வழக்கம் போலும். என் தண்ணீர் என் பாவாடையில் இறங்கியது. அவள் தண்ணீரில் ஒரு வளையம்கூட எழவில்லை.

"தாள் நீ பிடிம்மா" என்றார் அவளிடம். என்னிடம், "டார்ச்."

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து சாப்பிட்ட பிறகு தொடங்கினோம். வெளியே மே மாத வெயில் சட்டென்று மங்கி, சாமுண்டி மலைப் பக்கம் மேகம் ஏறிக்கொண்டிருந்தது. கூடத்துச் சின்ன மேசையில் பிளேயர். அப்பா பாயில் மண்டியிட்டார். முதலில், கையின் பின்புறமுள்ள எடையை இழை இழையாக நகர்த்தினார். கை மேலும் போகாமல் கீழும் விழாமல் காற்றிலேயே படுத்துக்கொள்ள வேண்டும். நெடுநேரம் அது மூக்கை இடித்துக்கொண்டோ வாலை இடித்துக்கொண்டோ இருந்தது. பிறகு ஒரு கணம், எதையும் தொடாமல், தூங்கும் குழந்தையின் கைபோல அந்தரத்தில் நின்றது.

"மாமா, மெதக்கு!" என்று அவள் கிசுகிசுத்தாள்.

"மெதக்குதா? ஆமாம்மா, மெதக்குது!" அப்பாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. அது மிதப்பதை நானும் பார்த்திருந்தேன். சொல்வதற்கு முந்திக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். டார்ச் பிடிப்பவள் பேசக் கூடாது என்று நானே எனக்கு விதித்திருந்த ஒழுங்கு அன்று எனக்கு எதிராகத் திரும்பியது.

பிறகு எடையின் வளையத்தை இரண்டு கிராம் என்ற எண்ணுக்குத் திருப்பினார். தாளைக் கோத்தார். "நான் சொல்ற வரைக்கும் தாளை அசைக்கக் கூடாது. நான் சொன்னாத்தான் எடுக்கணும். சரியாம்மா?" அவள் தலையசைக்கக்கூட இல்லை; கண்ணை மூடித் திறந்தாள். இரண்டு விரல்களால் தாளின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு, மூச்சை அடக்கி அமர்ந்தாள்.

ஒரு புள்ளியில் நேரானால் மறுபுள்ளியில் கோணியது. மறுபுள்ளியில் நேராக்கினால் முதற்புள்ளி கெட்டது. ஆய்வுக்கூடத்துப் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, நகத்தால் தள்ளுவதும் திருகுவதும் தூக்குவதும் இறக்குவதுமாக ஒரு மணி நேரம் போனது. எனக்குக் கை வலித்தது. டார்ச்சின் வெளிச்சவட்டத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவின் நரைத்த கிருதாவும், அதற்கு ஒரு சாண் தள்ளி அவளுடைய இரட்டைப் பின்னலில் ஒன்றும்தான். இரண்டு தலைகளும் ஒரே தாளின்மேல் கவிந்திருந்தன. வெளிச்சம் நான் கொடுத்தது; வெளிச்சத்துக்குள் நான் இல்லை.

கடைசியில் இரண்டாம் புள்ளியில் முள் இறங்கியது. கோடுகளோடு கோடாகக் கார்ட்ரிட்ஜ் நின்றது. முதற்புள்ளி ஏற்கெனவே சரியாகியிருந்தது. ஒரு திருகாணியை இறுக்கிவிட்டு, மற்றதில் திருப்புளியை வைத்தபடி அப்பா தலையைத் தூக்காமலேயே சொன்னார்: "பாத்தியாம்மா, உங்க அப்பா வெச்ச மாதிரியே நிக்குது. இனிமே இது இங்கயே பாடட்டும். நீயும் இங்கயே இரு, என்ன?"

அவள் முகம் மெல்ல நிமிர்ந்தது. அதில் ஒரு 'சரி' வந்துகொண்டிருந்தது. இன்னும் உதட்டுக்கு வரவில்லை. கண் வரைக்கும் வந்துவிட்டது.

"தாளு" என்றேன் நான்.

அவள் தாளை அச்சிலிருந்து மேலே தூக்கினாள். மிக இலகுவாக, ஒழுங்காக, சொன்னதைச் செய்யும் பிள்ளையின் சுத்தமான கையால். தாளின்மேல் நின்றிருந்த முள் ஒருபக்கமாக இழுபட்டது. 'டிக்' என்று ஒரு சிறு ஓசை. நகம் வெட்டும் ஓசைகூட அதைவிடப் பெரியது.

அவள் விரல் லேசாக அசைந்ததைப் பார்த்து, பொறு என்ற பொருளில்தான் நான் சொன்னேன் என்று எத்தனையோ ஆண்டுகள் எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். வாதம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் முறிகிறது. எங்கள் வீட்டில் யாரும் அதை ஒருமுறை சொல்வதில்லை. நான் ஒருமுறைதான் சொன்னேன். சன்னமாக, அப்பா சொல்லும் தொனியில் சொன்னேன்.

அப்பா கையைத் தூக்கி அதன் ஓய்விடத்தில் வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்தார். முள்ளைத் தாங்கும் கம்பி, கறிவேப்பிலைக் காம்பைவிட மெல்லிய கம்பி, ஒருக்களித்துச் சாய்ந்திருந்தது. அவள் தாளைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"மாமா, எடுக்கச் சொன்னாப்புல கேட்டுச்சு. தாளுன்னு…"

"நான்தான் தாளுன்னேன்" என்றேன். உண்மையைச் சொல்வதில் எனக்கு எந்தத் தயக்கமும் இருக்கவில்லை. "அவ கை ஆடுச்சு. அதான் தாளுன்னேன்."

அப்பா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு அவருக்குப் புரிந்தது. அதாவது, பாதி புரிந்தது. தரையில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஐயோ கண்ணு! இங்க தாளுன்னா நில்லுன்னு அர்த்தம்மா! கன்னடம்!" அம்மாவும் வந்தார். செய்தித்தாள் கொண்டுவந்த காலையும் அப்போது நினைவுக்கு வர, அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெரிய சிரிப்பு ஒன்று வீட்டை நிறைத்தது. அதன் மடிப்புக்குள் நான் செய்தது பத்திரமாக ஒளிந்துகொண்டது.

சிரித்து முடித்ததும் அப்பா அவள் தலையைத் தொட்டு, "பரவால்லம்மா. முள்தானே, வேற வரும்" என்றார். அதே மூச்சில் என் பக்கம் திரும்பி, "ஏய் எம்மெ! டார்ச்சை எங்க காட்டிட்டு நிக்கறே? கூரையில என்ன இருக்கு? அணைச்சு வை, பேட்டரி தீரப்போகுது!" என்று கத்தினார்.

என் திட்டம் முழுத் தோல்வி என்றே அப்போது எண்ணினேன். முள்ளைக் கெடுத்தவள் அவள், வசவு எனக்கு. இதற்கு மேலும் ஒரு மனிதர் ஒரு பிள்ளையிடம் பாரபட்சம் காட்ட முடியுமா?

அவள் சிரிக்கவில்லை. யாருடைய சிரிப்பையும் கெடுக்கவும் இல்லை. தாளை நாலாக மடித்துப் பெட்டியில் வைத்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். மாலை மழை பெய்தபோது மொட்டைமாடித் துணிகளைத் தனியாகப் போய் எடுத்துவந்து, அம்மா சொல்லாமலேயே மடித்து வைத்தாள். அடுத்த நாள் கண்ணாடித் தம்ளரில் குடிப்பதை நிறுத்திவிட்டு எவர்சில்வர் தம்ளர் கேட்டாள். நடுத்துண்டு விழுந்தபோது "எனக்கு வால் பக்கந்தான் இஷ்டம் அத்தை" என்றாள். நான் மகிழ்ச்சியோடு நடுத்துண்டைத் தின்றேன்.

புது முள் வர மூன்று வாரமாகும் என்று பெங்களூர் நண்பர் சொன்னார். அது வருவதற்கு முன், ஒரு ஞாயிறு குவைத்திலிருந்து தொலைபேசியில் பேசிய அத்தையிடம் அவள், "நான் ஹாஸ்டலுக்கே போறேம்மா. அங்க எனக்குப் பழக்கம்" என்றாள். அப்பா ரிசீவரை வாங்கி, குவைத் வெயிலைப் பற்றி விசாரித்துவிட்டுத் திரும்பக் கொடுத்தார். "நம்ம வீட்டுல என்ன குறை கண்டா?" என்று அம்மா அன்று முழுவதும் அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா தாழ்ந்த குரலில், "ஒரு சொல் கடிஞ்சு பேசலையே அவளை நான்" என்றார். அதையேதான் அவர் மீண்டும் மீண்டும் சொன்னார்.

மே மாதக் கடைசியில் அப்பாவே கொண்டுபோய் விட்டுவந்தார். பிளேயர் எங்கள் வீட்டிலேயே தங்கியது. விடுதியில் வைத்துக்கொள்ள முடியாது என்றாள். இந்தமுறை அவள் மடியில் எதுவும் இல்லை.

ஜூனில் முள் வந்தது. அப்பா என்னைக் கூப்பிட்டார். தண்ணீர்த் தம்ளர் சோதனை ஏதும் வைக்கவில்லை. வேறு ஆள் இல்லை. அந்தத் தாளின் ஓரத்தை, அவள் விரல் பட்ட அதே ஓரத்தை, நான் பிடித்துக்கொண்டேன். அது விரலுக்கடியில் நழுவிக்கொண்டே இருந்தது. "எம்மெ, மூச்சு விடாதே!" என்பார். விடாமல் இருந்தால், "விடு, விடு, செத்துடாதே!" என்பார். "நேரா புடி, தாளு தாளு, யார் உன்னைத் தூக்கச் சொன்னா, கண்ணு எங்க இருக்கு?" இரண்டு மணி நேரம் நான் வாங்கிய வசவு, அந்தக் கோடை முழுவதும் வாங்கியதைவிட அதிகம். ஆனாலும் அன்று என் தலை அப்பாவின் தலைக்கு ஒரு சாண் பக்கத்தில் இருந்தது. அதைவிடப் பெரிய வெற்றியை நான் அதற்குப் பின்னும் அதிகம் கண்டதில்லை.

வயலின் தட்டைப் போட்டோம். இரண்டாம் பக்கம், பாதி வழியில், நாங்கள் இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தோம். கீறல் வந்தது. 'டப்' என்று ஒரு சொட்டு ஓசை. முள் நில்லாமல் கடந்துபோய்விட்டது. சரியாக அமைத்த கை அப்படித்தான் போகும் என்று அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

விடுதியில் ஞாயிறு மாலை நாலரைக்குப் பிள்ளைகளைத் தொலைபேசிக்கு விடுவார்கள். அப்பா சரியாக அந்த நேரத்துக்கு அழைத்து, அவளைக் கூப்பிடச் சொல்லி, "கேளும்மா" என்று ரிசீவரை ஒலிபெருக்கியின் பக்கத்தில் நீட்டினார். அதன் சுருள்கம்பி எட்டவில்லை. நான் இழுத்துப் பிடித்தேன். "எம்மெ, பிளக்கோட புடுங்கிடாதே! பேகா, அந்த ஸ்டூலை எடு! அதில்ல, அந்தப் பக்கம்!" என்று அப்பா கத்தினார். வயலின் பாடியது, கீறல் வந்து போனது. அப்பா ரிசீவரைக் காதில் வைத்து, "கேட்டியாம்மா?" என்றார். அவள் ஏதோ கேட்டாள். "இல்லம்மா, நிக்கவே இல்ல! சூப்பரா ஓடுது!" என்றார் அப்பா. பிறகு, பேசு என்று ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டுத் தட்டை எடுத்து வைக்கப் போனார்.

"மாமா ஒன்னைய ஏசுதாங்க" என்றாள் அவள். "இங்க வரைக்கும் நல்லா கேட்டுச்சு."

நான் ரிசீவரை மறுகாதுக்கு மாற்றினேன்.

"என்னைய ஒரு நாளும் ஏசலட்டி" என்றாள்.

அந்தச் சொல்லின் பொருள் எனக்கு அப்போது தெரியும். தம்பட்டம் அடிக்கிறாள் என்று நினைத்தேன். ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளிப் போயும், தனக்கு வசவு விழாததைச் சொல்லிக்காட்டுகிறாளே என்று உள்ளம் எரிந்தது.

"உன்னை எதுக்கு ஏசணும்? நீ என்ன எங்க வீட்டுப் பொண்ணா?" என்றேன்.

விடுதி வராந்தாவில் யாரோ அடுத்த பெயரைக் கூப்பிடுவது கேட்டது.

"அதாம்" என்றாள் அவள். வைத்துவிட்டாள்.

அவள் 'தாளு'வைத் தவறாகக் கேட்ட கதையை எங்கள் வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறோம். அவள் திருமணத்தில்கூட அப்பா மாப்பிள்ளையிடம் அதைச் சொன்னார், அவளும் சிரித்தாள், நான் பந்தியில் யாருக்கோ தண்ணீர் வைப்பதுபோல நகர்ந்துவிட்டேன். அதனால்தான் போனேன் என்று அவள் சொன்ன அந்த 'அதாம்' என்பதை நான் தவறாகக் கேட்ட கதையை யாரும் சொல்வதில்லை. அது நடந்ததென்று எனக்கே வெகுகாலம் தெரியாது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், கடைசி வார்த்தையில் நான் வென்றுவிட்டேன் என்பதுதான். ரிசீவரை வைத்துவிட்டு, போய் அப்பாவை ஒட்டிப் பாயில் உட்கார்ந்தேன்.

"எம்மெ" என்றார் அப்பா, தட்டை உறைக்குள் செருகிக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமலேயே. "தள்ளி உக்காரு. மேல ஏறி உக்காருவியா?"